துரை சொன்ன ‘சரி’: மலையக நகரபிதா ஒருவரின் பதவிக்காலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பதிவைப் பற்றி

இலங்கை மலையகத்து நகர சபை ஒன்றில் 2018 முதல் 2020 வரை தவிசாளராக இருந்த ஒருவரைப் பற்றியது இந்தப் பதிவு. சட்டத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் தவிசாளர். ஊர் மக்களுக்கு நகரபிதா. மரக்கறிச் சந்தையில் மேயர். நான் அதே சபையில் சிங்கள, தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். ஊரையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. என் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. அது வரும் இடத்தில் வரும்.

ஆள்

நகரபிதா 1963 இல், நகர எல்லைக் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயம் ஒன்றில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதில் எட்டுப் பேர். தாய் கொழுந்து பறித்தார். தந்தை கவ்வாத்து வெட்டினார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தை நாடற்றவர்களாக்கி வைத்திருந்தது. அவருக்கு ஒரு வயதாக இருந்தபோது, 1964 ஒக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இவர்களுடைய விண்ணப்பம் எங்கோ ஒரு கோவையில் (கோப்பில்) கிடந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த எழுபதுகளின் நடுப்பகுதியில் இவர் பள்ளியை விட்டார். பதினோராம் வயதில் நகரத்துப் பலசரக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மூட்டைகளுக்கு நடுவே தூங்கி, சிங்களம் பேசக் கற்றுக்கொண்டார். வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

1988 இல் வந்த சட்டத்தின் மூலம்தான் அவர் இலங்கைப் பிரஜை ஆனார். அப்போது வயது 25. அதற்குள் சந்தையில் சொந்தமாக ஒரு சிறிய கடை இருந்தது. நகரத்துக்குள் குடிவந்துவிட்டதால் நகர சபைக்கு வாக்களிக்கும் உரிமையும் கிடைத்தது. 1997 இல் முதல் முறை உறுப்பினராகத் தெரிவானார். 2006 இலும் 2011 இலும் மறுபடி. சபையில் அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் சந்தையில் யாருடைய பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, எந்த விதவைக்கு உதவிப் பணம் நின்றுபோனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாக்குகள் அங்கிருந்துதான் வந்தன.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இந்த ஆய்வே அதைப் பற்றியதுதான். எதையும் அவர் எழுத்தில் கேட்கமாட்டார். நேரில் போவார், பேசுவார், மறுமுனையில் இருப்பவர் தலையசைத்தால் விடயம் முடிந்தது என்று திரும்பி வருவார். சந்தைக் கடனும் அப்படித்தான், அரசியலும் அப்படித்தான். ஒரு நாள் காரணம் கேட்டேன். “எழுதிக் கொடு என்று கேட்டால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம், தம்பி. எங்கள் ஆட்களுக்குக் கடதாசியால் எப்போது நன்மை வந்தது?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய பாட்டன் காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதென்றால், தலையில் உள்ள கடனை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. பிறகு வந்த கடதாசி நாடற்றவன் என்றது. அதற்குப் பிறகு வந்தது கப்பலேறு என்றது. லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, தனி முகவரியும் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அவர்களாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

குப்பை

எங்கள் நகரத்தின் குப்பை நகரத்துக்குள் விழுவதில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, தோட்டத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில் கொட்டப்பட்டது. தொண்ணூறுகளில் தொடங்கிய வழக்கம். சபையின் ட்ரக்டர் இரண்டும் நாளுக்கு மூன்று நடை போய்வரும். சந்தைக் கழிவு, ஹோட்டல் கழிவு, ஏப்ரல் மாத வசந்த காலக் கூட்டம் விட்டுப்போகும் பிளாஸ்டிக் எல்லாம் சரிவில் உருண்டு கீழே தங்கும். அந்தச் சரிவுக்கும் கீழேதான் லயம் இருந்தது. நகரபிதா பிறந்த லயம்.

நிர்வாக நிலைமையையும் சொல்லியாக வேண்டும். குப்பை நகர சபையுடையது. நிலம் அரசுக்குச் சொந்தமானது. பெருந்தோட்டக் கம்பனி ஒன்று அதை 53 வருடக் குத்தகைக்கு வைத்திருந்தது. லயம், நகரத்துக்கு வெளியே உள்ள கிராமப் பகுதிகளுக்கான பிரதேச சபையின் எல்லைக்குள் இருந்தது. பிரதேச சபையைக் கேட்டால், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய வழியில்லை என்பார்கள். அந்தப் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. ஆகவே சரிவின் மேலிருந்து வருவதற்கு ஒரு சபையும் பொறுப்பில்லை, கீழே அதைக் குடிப்பவர்களுக்கு இன்னொரு சபையும் பொறுப்பில்லை.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு குப்பை என்றாலே எல்லாச் சபைகளிலும் ஒரு பயம் வந்தது. எங்கள் சபையில் அந்தப் பயம் அதிக நாள் நீடிக்கவில்லை.

2018: சீட்டும் பீலியும்

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி புதிய கலப்பு முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பல சபைகளைப் போல இங்கும் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தவிசாளர் தெரிவில் 16 உறுப்பினர்களும் 8க்கு 8 என்று பிரிந்து நின்றார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு என்பது சட்டம். இரண்டு பெயர்களை எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எடுத்த சீட்டில் இவருடைய பெயர் இருந்தது. அந்தச் சீட்டை அவர் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் வாழ்க்கையில் தனக்காக விழுந்த முதல் கடதாசி என்று சொல்லிச் சிரித்தார்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியது. லயத்துப் பெண்கள் ஐந்து பேர் சபைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் சோடாப் போத்தல் ஒன்று. அதற்குள் பீலித் தண்ணீர், லயத்தில் குடிக்கப் பிடிக்கும் ஊற்று நீர். தேயிலைச் சாயம் போல இருந்தது. மூடியைத் திறந்ததும் காரியாலயம் முழுவதும் நாறியது. “அண்ணன், இதைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நீங்கள் குடித்து வளர்ந்த பீலி இது” என்றார் அந்த அம்மா. அவர் தவிசாளரின் ஒன்றுவிட்ட தங்கை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போய்ப் பார்த்து, நீர் மாதிரி எடுத்து அனுப்பினார். அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. நீரில் மலக்கிருமி இருந்தது. பரிசோதகர் கவனமான மனிதர். அறிக்கையின் கடைசிப் பந்தியில் ஒன்று எழுதியிருந்தார். நிறமும் நாற்றமும் குப்பையிலிருந்து வடியும் நீரால் வந்திருக்கலாம். ஆனால் மலக்கிருமிக்கு, பீலிக்கு மேலே உள்ள பழைய லயத்துக் குழி மலசலகூடங்களும் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே குப்பையை அகற்றுவதால் மட்டும் நீர் குடிக்கத் தக்கதாகிவிடாது. இந்தப் பந்தியைத் தவிசாளருக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டார். ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய மனதில் போத்தல் மட்டுமே நின்றது.

முடிவும் காரணங்களும்

அவர் எடுத்த முடிவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. பழைய பள்ளத்தில் கொட்டுவதை நிறுத்துவது; அதே தோட்டத்தில், லயங்களுக்கு மறுபக்கம், தேயிலை காய்ந்து கைவிடப்பட்ட மலையொன்றில் பசளை தயாரிக்கும் கொட்டகை அமைப்பது. எங்கள் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் கழிவு. சந்தை இருக்கும் ஊரில் அது இயல்பு. ஆகவே யோசனை சரியானது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. மலைக்குளிரில் குப்பை மெதுவாகத்தான் மக்கும், இடம் கூடுதலாக வேண்டும் என்பதைக்கூட அவர் விசாரித்து வைத்திருந்தார்.

இடத்துக்கு அனுமதி கேட்க ஓகஸ்ட் மாதத்தில் தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். சபைச் செயலாளர், தவிசாளர், நான். காரியாலயத்தின் முன் இன்னும் அந்தச் சம்பள ஜன்னல் இருக்கிறது. கம்பி போட்ட, மார்பு உயரத்தில் இருக்கும் ஜன்னல். அதன் மரச்சட்டம் கைகள் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. உள்ளே கதவு திறந்தே இருந்தது. செயலாளர் நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தவிசாளர் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையில் நகர சபைச் சின்னம் இருந்தது. முகாமையாளர் வயதில் இவருக்கு மகனாக இருக்கக்கூடிய இளைஞர், நல்ல மனிதர். அவரே எழுந்து வெளியே வந்து, “ஏன் இங்கே நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே போன பிறகும், துரை, அதாவது முகாமையாளர், உட்காரும் வரை இவர் உட்காரவில்லை.

பேச்சு பத்து நிமிடம்கூட இல்லை. இடத்தைச் சொன்னார். முகாமையாளர் வரைபடத்தைப் பார்த்தார். அந்த மலையால் தோட்டத்துக்கு வருமானம் இல்லை, பழைய பள்ளத்தால் தோட்டத்துக்கும் தொல்லை. “சரி, செய்யுங்கள்” என்றார். தேநீர் வந்தது. வெளியே வந்ததும் செயலாளர், “ஒரு கடிதம் கேட்டிருக்கலாமே, சேர்” என்றார். “துரை சரி என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன கடிதம்?” என்றார் இவர். ஜீப்பில் திரும்பும்போது செயலாளர் மறுபடி சொன்னார். இவர் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்துக்கு வேறு காரணமும் உண்டு. பசளைக் கொட்டகைக்கு அரசின் பிலிசரு என்ற கழிவு முகாமைத்துவத் திட்டத்தின் கீழ் கொஞ்சம் பணம் கிடைப்பதாக இருந்தது; சபை நிதியிலும் ஒதுக்கியிருந்தார்கள். டிசெம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். உள்ளூராட்சியில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் திகதியின் பலம் தெரியும். ஒக்டோபரில் அடித்தளம் வெட்டினார்கள். டிசெம்பரில் தகரக் கூரை ஏறியது.

இனி என் பங்கு. செப்டெம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் தவிசாளர் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: “துரையிடம் பேசினேன், சரி என்றார்.” கூட்டறிக்கை சிங்களத்தில் எழுதப்படும். அதற்காக நான் கொடுத்த மொழிபெயர்ப்பைத் திருப்பித் தமிழில் சொன்னால், “தோட்ட நிர்வாகம் தனது இணக்கத்தைத் தெரிவித்துள்ளது” என்று வரும். எழுதும்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அரச மொழியில் ‘சரி என்றார்’ என்பது அழகாக இல்லை, மெருகூட்டினேன். ஒரு மனிதர் தேநீருக்கு முன் சொன்ன சொல், என் பேனாவில் ஒரு நிறுவனத்தின் சம்மதமாகிவிட்டது. அறிக்கையை அடுத்த கூட்டம் உறுதிப்படுத்தியது. அதை நம்பித்தான் நிதிப் பிரிவு பணத்தை விடுவித்தது.

2019: மாற்றலாகிப் போன சொல்

பெப்ரவரியில் முகாமையாளர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன் தவிசாளரின் கடைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அப்போதாவது ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். மனிதர் விடைபெற வந்திருக்கும்போது எப்படிக் கேட்பது என்று இவருக்குக் கூச்சம்.

மார்ச் மாதம் ட்ரக்டர் முதல் நடை கொண்டுபோனபோது, கொட்டகைக்குப் போகும் பாதையில் தோட்டக் காவலாளி சங்கிலி போட்டிருந்தார். புதிய முகாமையாளர் நகர சபைக்குக் கொடுத்த இடம் எதுவும் தனக்குத் தெரியாது என்றார். கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினோம். ஆங்கிலத்தில் மூன்று வரிப் பதில் வந்தது: அப்படி ஓர் அனுமதி தங்கள் பதிவுகளில் இல்லை, காணி அரசுக்குச் சொந்தமானது, தாங்கள் குத்தகைக்காரர்கள், வேறு தேவைக்கு விடுவதானால் காணிக்குரிய அரச நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். மூன்று வரிகளும் உண்மை. பழைய முகாமையாளர் நல்ல மனதோடுதான் சரி சொன்னார். ஆனால் சொல்லும் அதிகாரம் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. கடிதம் கேட்டிருந்தால், எழுத உட்காரும்போது அதை அவரே கண்டுபிடித்திருப்பார். எழுத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கு அந்தப் பதிலை மொழிபெயர்க்கும்போதுதான் உறைத்தது.

கொட்டகை பூட்டிக் கிடந்தது. குப்பை பழைய பள்ளத்துக்கே போனது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. விடுதிகள் வெறிச்சோடின, சபை வருமானமும் விழுந்தது. வேறு காணி வாங்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

இந்த நேரத்தில் தவிசாளர் செய்தது மறுபடியும் நடைதான். புதிய முகாமையாளரைப் பார்க்க ஐந்து முறை போனார். தொழிற்சங்க மாவட்டத் தலைவரைப் பார்த்தார். ஒரு பிரதியமைச்சரைப் பார்த்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒவ்வொரு முறையும் “பேசிவிட்டேன், சரிவரும்” என்று சொல்லிக்கொண்டு வருவார். அந்த வருடம் முழுவதிலும் கோவைக்குள் போன கடிதங்கள் நான்கு. நான்கும் செயலாளர் எழுதியவை.

2020: வரவு செலவுத் திட்டம்

கணக்காய்வு வினவல் வந்தது. சபைக்கு உரிமையில்லாத காணியில் சபைப் பணத்தைச் செலவிட்டது எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று கேட்டிருந்தார்கள். ஆதாரமாகக் காட்ட ஒன்றே ஒன்று இருந்தது: என் மொழிபெயர்ப்பில் ‘இணக்கம்’ என்று எழுதப்பட்ட கூட்டறிக்கை. அதைக் காட்டினால், எங்கே அந்த இணக்கம் என்ற அடுத்த கேள்வி வரும். வந்தது.

மார்ச் 20 முதல் ஊரடங்கு. சந்தை மூடியது, சில மாதங்கள் யாரும் குப்பையைப் பற்றிப் பேசவில்லை. நவம்பரில் 2021க்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வந்தபோது எல்லாம் ஒன்றாக வெடித்தது. எதிரணியில் ஓர் இளம் பெண் உறுப்பினர் இருந்தார், 25 வீதப் பெண்கள் ஒதுக்கீட்டில் வந்தவர். மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, அவர் அமைதியாகக் கேட்டார்: “ஐயா, நீங்கள் திருடினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மலையை உங்களுக்குத் தந்த கடதாசியை மட்டும் காட்டுங்கள்.” தவிசாளர் எழுந்து நின்றார். சற்று நேரம் நின்றார். “வாய்ச் சொல்தான், மகள்” என்றார். அன்று அந்தச் சபையில் பேசப்பட்டவற்றில் சுத்தமான வார்த்தை அதுதான். அரசியலுக்கு அது போதவில்லை.

வரவு செலவுத் திட்டம் 9க்கு 7 என்று தோற்றது. அவருடைய பக்கத்திலிருந்து ஒருவர் மாறியிருந்தார். மாறியதற்கும் குப்பைக்கும் சம்பந்தமில்லை, சந்தைக் கடை ஒதுக்கீட்டில் மனஸ்தாபம். இரண்டு வாரத்தில் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடி தோற்றது. 2012 இல் வந்த விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவி விலகியதாகக் கருதப்படுவார். டிசெம்பர் கடைசியில் அவர் அறையைக் காலி செய்தார். ஒரு பையில் அடங்கும் சாமான்கள்தான். மேசை இழுப்பறையில் திருவுளச்சீட்டு கிடந்தது, அதை எடுத்துக்கொண்டார். ஊழல் குற்றச்சாட்டு எதுவும் அவர்மேல் நிரூபிக்கப்படவில்லை. கணக்காய்வு, நடைமுறைத் தவறு என்று பதிந்ததோடு நிறுத்தியது.

பின்னர் நடந்தவை

2021 நடுவில் ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதித் தரும்படி கேட்டார். 2016 இல் நிறைவேறிய சட்டம். அவர் தவிசாளராக இருந்தபோது அதன் கீழ் வந்த விண்ணப்பங்களைக் கண்டால் எரிச்சல்படுவார். இப்போது தான் தலைமை தாங்கிய சபையிடமே கேட்டார்: பழைய பள்ளத்தில் குப்பை கொட்ட எந்த வருடம், யார், எந்த ஆவணத்தின் மூலம் அனுமதி தந்தார்கள்?

பதில் வந்தது. எந்த ஆவணமும் இல்லை. தொண்ணூறுகளில் யாரோ ஒரு துரை, யாரோ ஒரு தலைவரிடம் ‘சரி’ சொல்லியிருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நகரத்தின் குப்பை ஒரு வாய்ச் சொல்லின் மேல் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பதில் கடிதம், சபைக்கும் கம்பனிக்கும் ஒருசேரச் சங்கடத்தைத் தந்தது. அதே மழைக்காலத்தில் குப்பை மேட்டின் ஓரம் சற்றுச் சரிந்தது. யாருக்கும் ஆபத்தில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்த்து, சரிவில் மேலும் பாரம் ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை எவரும் ஒதுக்கி வைக்கத் துணியவில்லை.

இரண்டு கடிதங்களோடு லயத்து ஆட்களும் அவரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். 2022 முழுவதும் ஒன்றும் நகரவில்லை. டீசல் இல்லை, ட்ரக்டரே ஓடவில்லை, நகரத்துக்குள்ளேயே குப்பை குவிந்தது. 2023 மார்ச் 19 ஆம் திகதி சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் பிற்போடப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் இல்லாத அந்த இடைவெளியில், செயலாளர் கையில் நிர்வாகம் இருந்த காலத்தில், ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு தேர்ந்த சபையால் முடியாததைத் தேர்தல் இல்லாத காலம் முடித்தது என்று எழுதும்போது எனக்கு உவப்பாக இல்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்தது. காணிக்குரிய நிறுவனத்தின் ஒப்புதல், கம்பனியின் கையொப்பம், சபையின் கையொப்பம், அளவைப் படம், மும்மொழியில். கொட்டகையின் பூட்டைத் திறந்தபோது துருப்பிடித்த கூரையில் மூன்று தகடுகள் மாற்ற வேண்டியிருந்தது.

பழைய பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். தண்ணீரின் கறுப்பு ஒரு மழைக்காலத்தில் குறைந்தது. மலக்கிருமி குறையவில்லை. பரிசோதகர் 2018 இலேயே எழுதிய கடைசிப் பந்தி அப்படியே பலித்தது. லயத்துக்குத் தனி நீர்க்குழாய் இழுக்க பிரதேச சபை 2024 இல் மதிப்பீடு தயாரித்தது. 33 ஆம் பிரிவு மாறிவிட்டதால் இப்போது சட்டத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. பணம் இல்லை என்கிறார்கள்.

மறுபடி செய்வதானால்

இதைச் செயலாளருடனும் அவருடனும் பலமுறை பேசியிருக்கிறேன். செயலாளருடைய கருத்து எளிது: ஓகஸ்ட் மாதம் திரும்பி வந்த அன்றே, “இன்று தாங்கள் தெரிவித்தபடி” என்று தொடங்கும் ஒரு கடிதத்தை நாமே தோட்டத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் என்றால், நன்றிக் கடிதம் போல எழுதலாம். யாருடைய மனமும் நோகாது. முகாமையாளருக்கு அதிகாரம் இல்லையென்றால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும், அடித்தளம் வெட்டுவதற்கு முன்பே. எங்கள் மாவட்டத்தில் இன்றும் தோட்டங்களுக்குள் பாதைக்கும் மைதானத்துக்கும் சிறுவர் நிலையத்துக்கும் இப்படி வாய்ச் சொல்லில் வேலை தொடங்கும் சபைகள் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த யோசனை பயன்படும்.

குப்பையையும் தண்ணீரையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தது இரண்டாவது தவறு. குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் 2018 இலேயே தனிக் கோரிக்கை போயிருந்தால், இடம் கிடைக்காமல் போன வருடங்களிலும் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கலாம். இந்தத் தவறில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. போத்தலைப் பார்த்த பிறகு யாருக்கும் அறிக்கையை வாசிக்கும் பொறுமை இருக்கவில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்வதானால், இப்போது ‘சரி என்றார்’ என்றால் ‘சரி என்றார்’ என்றே எழுதுகிறேன். வாய்மொழியாக என்று பக்கத்தில் சேர்க்கிறேன். அழகாக இருக்காது.

அவருடைய கருத்து வேறு. கடிதம் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றபோது, “தன் அப்பா நின்ற இடத்தில் நிற்பவனுக்குக் கேட்க வாய் வராது, தம்பி. அதற்கு வேறு ஆளை அனுப்பியிருக்க வேண்டும்” என்கிறார். செயலாளர் இதை ஏற்பதில்லை. பதவிக்கு வந்தவர் பதவியாகத்தான் போக வேண்டும் என்பார். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இப்போது

2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. கடையை மகன் பார்க்கிறார். அந்த இளம் பெண் உறுப்பினர் மறுபடி தெரிவாகியிருக்கிறார். சில வேளைகளில் அவரிடம் ஆலோசனை கேட்க வருவதும் உண்டு.

கடந்த ஜூன் மாதம் ஒரு மாலை, மழையில் நனைந்த பிளாஸ்டிக் உறையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே லயத்தின் 24 குடும்பத் தலைவர்களும் கையொப்பமிட்ட கோரிக்கை, குழாய் வேலையைத் தொடங்கும்படி. கையெழுத்துப் போடத் தெரியாத நால்வர் பெருவிரல் வைத்திருந்தார்கள். மை சற்றுப் பரவியிருந்தது. சிங்களத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கமிட்டு, மூன்று பிரதிகள் எடுக்கச் சொன்னார். ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், ரசீதைக் கோவையில் ஒட்ட வேண்டும் என்றார். எல்லாம் முடிந்து உறையில் எழுதும்போது, அனுப்புநர் முகவரியில் பேனா நின்றது. லயத்துக்கு இன்றும் முகவரி இல்லை. தோட்டக் காரியாலயம் என்று போட்டால் பதில் அந்த ஜன்னலுக்குத்தான் போகும். கடை முகவரியை எழுதினேன்.